டிஸ்சார்ஜ் தாளில் இன்னொரு பக்கம் வேண்டும்: மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவுத் தலைவர்களுக்கும், சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

கொள்ளைநோயில் சிக்கி, வென்டிலேட்டர் வரை போய்ப் பிழைத்தவரின் டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பாருங்கள். குழாய் இல்லாமல் மூச்சு விடும்போது ஆக்சிஜன் எவ்வளவு, ஸ்கேனில் நுரையீரல் எப்படி இருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க எந்த மாத்திரை எத்தனை நாள், ஸ்டீராய்டை எப்படிக் குறைப்பது, அடுத்து எப்போது வர வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். மயக்க மருந்தில் கிடந்த நாட்களில் அவர் எதைக் கண்டு அஞ்சினார், இப்போது தூங்குகிறாரா, அவர் படுத்திருந்த நேரத்தில் வீட்டில் யாராவது இறந்தார்களா, அது அவருக்குத் தெரியுமா என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. அந்தத் தாளோடு இன்னொரு பக்கம் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கோவிட் அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்துவிட்டது, இப்போது எதற்கு இது என்று தோன்றலாம். இந்தப் பாடம் 2003லேயே கிடைத்தது. அந்த ஆண்டு சார்ஸ் நோயில் பிழைத்த 90 பேரை ஹாங்காங்கில் முப்பது மாதம் கழித்துப் பரிசோதித்தபோது, அவர்களில் நால்வரில் ஒருவருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு அப்போதும் இருந்தது. கிருமி உடம்பை விட்டுப் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பாடத்தை நெறிமுறைகளில் ஏற்றாமல்தான் 2020க்குள் நுழைந்தோம். அடுத்த தொற்றுக்கும் அப்படியே போக வேண்டாம். தவிர, தீவிர சிகிச்சைப் பிரிவில் கொள்ளைநோய் இல்லாத நாளிலும் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

முதலில், அதிகம் பேசப்படாத ஒன்று. மயக்க மருந்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று உறவினர்கள் நம்புகிறார்கள். நம்மில் பலரும் அப்படித்தான் பேசுகிறோம். உண்மை வேறு. அவருக்கு நிறையத் தெரியும், ஆனால் தப்பாகத் தெரியும். டெலிரியம் எனப்படும் மூளைக் குழப்பம் வந்தவருக்கு, சளியை உறிஞ்ச நர்ஸ் குழாய் விடுவது யாரோ கழுத்தை நெரிப்பதாகப் படும். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று கையைக் கட்டினால், கடத்திக் கொண்டு போய் அடைத்துவிட்டார்கள் என்று தோன்றும். சிறுநீர்க் குழாய் பொருத்தியது பாலியல் தாக்குதலாக நினைவில் பதியும். நுரையீரல் விரியட்டும் என்று பதினாறு மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தது, மண்ணுக்குள் புதைத்தது போலப் பதியும். தலை முதல் கால் வரை மூடிய உடையில் முகமே தெரியாத உருவங்கள் சுற்றி வந்தால் இந்தக் கதைகளுக்கு ஆதாரமும் கிடைத்துவிடுகிறது.

இது பைத்தியம் அல்ல, மனவலிமை இல்லாததும் அல்ல. மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறைவு, உடம்பெங்கும் அழற்சி, காய்ச்சல், இரவு பகல் தெரியாத வெளிச்சம், அரைமணிக்கு ஒருமுறை கலையும் தூக்கம், கழற்றி எங்கோ வைத்துவிட்ட கண்ணாடியும் காதுக்கருவியும், கூடவே மிடாசோலம் போன்ற மயக்க மருந்துகள், இவையெல்லாம் சேர்ந்து செய்வது. 14 நாடுகளில், தீவிர சிகிச்சையில் இருந்த 2,088 கோவிட் நோயாளிகளை ஆராய்ந்து 2021ல் வெளியான ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு டெலிரியம் வந்திருந்தது. மிடாசோலம் வகை மருந்து ஏறியவர்களுக்கு ஆபத்து கூடுதல். குடும்பத்தார் நேரிலோ வீடியோ அழைப்பிலோ பேசியவர்களுக்குக் குறைவு. நெரிசலில் மருந்து தட்டுப்பாடு வந்தால் கையில் கிடைத்த மயக்க மருந்தைக் கொடுக்கத்தான் வேண்டும், அது எங்களுக்கும் புரியும். வீடியோ அழைப்புக்கு ஒரு டேப்லெட்டும், அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளும் போதும். அதைக்கூட 'வசதி இருந்தால்' பட்டியலில் வைத்திருப்பது ஏன் என்று புரியவில்லை.

கத்திக் கலாட்டா செய்பவருக்கு மட்டும்தான் டெலிரியம் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலோர் அமைதியாகக் கண் திறந்து படுத்திருப்பார்கள். 'தொந்தரவு இல்லாத நோயாளி' என்று ஷிப்ட் குறிப்பில் எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். வென்டிலேட்டரில் இருப்பவரையும் கையை அழுத்தச் சொல்லிச் சோதிக்கும் கேம்-ஐ.சி.யூ. முறை இருக்கிறது. பழகிய நர்ஸுக்கு இரண்டு நிமிடம் போதும். ஷிப்டுக்கு ஒரு தடவை செய்து, முடிவை எழுதி வைக்க வேண்டும். அந்தக் குறிப்புதான் பிறகு டிஸ்சார்ஜ் பக்கத்துக்கு வர வேண்டிய முதல் வரி: டெலிரியம் இருந்ததா, எத்தனை நாள், எந்த மயக்க மருந்து.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், நடந்தவை மறந்துபோகும், நடக்காதவை நிற்கும். ஊசி போட்டது, எக்ஸ்ரே எடுத்தது, மகள் வீடியோவில் பேசியது எல்லாம் மங்கிவிடும். கழுத்தை நெரித்த கை மட்டும் ஆறு மாதம் கழித்தும் நிறத்தோடும் சத்தத்தோடும் வரும். அதை வெளியே சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்களோ என்று வாயே திறக்க மாட்டார். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் 'மறுபிறவி எடுத்து வந்திருக்கிறீர்கள்' என்பார்கள். அவரும் தலையாட்டி வைப்பார். காப்பாற்றிய நர்ஸ் மேல் அவருக்கு இருக்கும் கோபமும் பயமும் நன்றிகெட்டத்தனமாகத் தோன்றும், அவருக்கே கூட. பரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுகிறவர்களில் சிலர் அந்தக் கட்டடத்துக்குள் நுழையவே அஞ்சுகிறவர்கள் என்பதை ஓ.பி. பதிவேடு சொல்லாது.

இதற்கான முதல் மருந்து ஒரு பேச்சுதான். வார்டுக்கு மாறி, கேம்-ஐ.சி.யூ. சோதனையில் இரண்டு தடவை தொடர்ந்து குழப்பம் இல்லை என்று வந்தபிறகு, நர்ஸோ டியூட்டி டாக்டரோ உட்கார்ந்து (நின்றுகொண்டு அல்ல) பத்து நிமிடம் பேச வேண்டும். 'ஐ.சி.யூ.வில் இருந்தவர்களில் பலருக்குப் பயங்கரமான காட்சிகள் வரும், அடைத்து வைத்தது போல, கொல்ல வருவது போல. உங்களுக்கு அப்படி ஏதாவது வந்ததா?' என்று நேராகவே கேளுங்கள். பொதுவாக 'எப்படி இருக்கிறீர்கள்' என்றால் 'நல்லா இருக்கேன்' என்ற பதில்தான் வரும். வந்தது என்றால், 'அதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை' என்று மறுக்கவும் வேண்டாம், 'மறந்துவிடுங்கள்' என்று தட்டிவிடவும் வேண்டாம். பயம் உண்மை, காரணம் வேறு என்று எடுத்துச் சொல்லுங்கள்: அப்போது நெரித்தது போல இருந்தது இந்தக் குழாய், இப்படித்தான் இருக்கும் என்று குழாயைக் கையில் கொடுத்தே காட்டலாம். சிலர் அதைத் தொட மாட்டார்கள். வற்புறுத்த வேண்டாம். ஒன்றை மறக்கக் கூடாது: பாலியல் தாக்குதலோ அடித்ததோ நினைவில் இருப்பதாக ஒருவர் சொன்னால், டெலிரியம் என்று முடிவு கட்டிவிட்டு நகர்வது தப்பு. அன்றைய குறிப்புகளைப் பார்த்து, விதிப்படி விசாரித்து, அதன் பிறகே விளக்கம் தர வேண்டும்.

அடுத்தது நாட்குறிப்பு. ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஐ.சி.யூ. நர்ஸுகள் தொடங்கிய பழக்கம் இது. நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது அவருக்காக நாள்தோறும் நான்கைந்து வரி எழுதுவது. மூன்று நாளுக்கு மேல் வென்டிலேட்டரில் இருப்பார் என்று தெரிந்தவுடன் தொடங்கலாம். முதல் பக்கத்தில் ஏன் சேர்த்தோம், எப்படி வந்தார் என்று ஒரு சுருக்கம். பிறகு அவரை விளித்தே எழுத வேண்டும்: 'இன்று மதியம் உங்களைக் குப்புறப் படுக்க வைத்தோம். நான்கு பேர் சேர்ந்து திருப்பினோம். நீங்கள் முகம் சுளித்தீர்கள். உங்கள் அண்ணன் போனில் பேசினார், கண் திறந்து பார்த்தீர்கள்.' அவ்வளவுதான்.

இதில் கெட்டுப்போகிற இடங்கள் சில. கேஸ் ஷீட்டைப் பார்த்து ரத்தப் பரிசோதனை எண்களை நகலெடுத்தால் அது நாட்குறிப்பு ஆகாது. பக்கத்துப் படுக்கைக்காரர் இறந்ததையோ அவர் பெயரையோ எழுதவே கூடாது. தொற்றுப் பிரிவுக்குள் போன நோட்டு வெளியே வர முடியாது என்பதால் பல இடங்களில் முயற்சி முதல் நாளே நின்றது. வெளியே, நர்ஸ் மேசையில் நோட்டை வைத்து, உள்ளிருந்து வருகிறவர் எழுதினால் போதும். படம் எடுப்பதற்கு முன் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும், நோயாளி தெளிந்தபின் அவரிடமும் கேட்டுத்தான் ஒட்ட வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய தப்பு, டிஸ்சார்ஜ் நாளில் மாத்திரைப் பையோடு நோட்டையும் திணித்து அனுப்புவது. அவர் கேட்கும்போது, கூட ஒருவர் உட்கார்ந்திருக்க, கொடுக்க வேண்டும். சிலர் ஒரு வருடம் கழித்துக் கேட்பார்கள், சிலர் கேட்கவே மாட்டார்கள்.

இது எல்லாருக்கும் கேட்கும் மருந்து என்று சொல்லவில்லை. ஐரோப்பாவில் 352 பேரிடம் நடந்த 2010 ஆய்வில், நாட்குறிப்பு கிடைத்தவர்களிடம் அதிர்ச்சிக் கோளாறு புதிதாகத் தோன்றுவது குறைந்தது. 2019ல் பிரான்சில் 35 பிரிவுகளில் நடந்த ஆய்வில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. ஆனாலும் காணாமல்போன நாட்களைக் கோத்துப் பார்க்க அவரிடம் வேறு எதுவும் இல்லை என்பதால் நாங்கள் நாட்குறிப்பின் பக்கம்தான். செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும்.

இனி துக்கம். கொள்ளைநோய் ஒரு வீட்டில் ஒருவரோடு நிற்பதில்லை. வென்டிலேட்டரிலிருந்து மீண்டவருக்கு, அவர் மயங்கிக் கிடந்தபோது மனைவியோ அப்பாவோ இறந்து, அடக்கமும் முடிந்திருக்கும். யார் சொல்வது, எப்போது சொல்வது என்று எவரும் முடிவு செய்யாததால், கையில் போன் வந்ததும் உறவினர் ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவரே படித்துக்கொள்கிறார். இதைவிடக் கேவலமான முறை கிடையாது. டெலிரியம் தெளிந்து, சொன்னதை மறுநாள் நினைவு வைத்திருக்கும் நிலை வந்தவுடன் சொல்லிவிட வேண்டும். போன் கொடுப்பதற்கு முன்பே. குழப்பம் தெளியாதவரிடம் சொன்னால் மறந்துவிட்டு மறுநாளும் கேட்பார், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே இடி விழும். அவரே நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. சொல்பவர் சிகிச்சை தரும் மருத்துவர், கூட ஒரு நெருங்கிய உறவு. நேரில் வர முடியாவிட்டால் வீடியோவில். 'இறந்துவிட்டார்' என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். 'நம்மோடு இல்லை', 'முடியவில்லை' என்றெல்லாம் சுற்றினால், அரை மயக்கத்தில் இருப்பவர் வேறு மருத்துவமனைக்கு மாற்றியதாக எடுத்துக்கொள்வார். சொன்னபிறகு அன்று இரவு யார் அவரருகில் இருப்பார் என்பதையும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

அதன்பின் வருவது, 'நான்தான் கொண்டு வந்து கொடுத்தேன்' என்ற குற்ற உணர்வு. 'உங்கள் தப்பு இல்லை' என்று அவசரமாக முடித்தால் அது காதில் ஏறாது. கோவிட் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பரவும், அறிகுறியே இல்லாதவரும் பரப்புவார், முதலில் இருமியவர்தான் முதலில் தொற்றியவர் என்று சொல்ல முடியாது என்று விவரமாகச் சொன்னால், சிலருக்காவது பாரம் கொஞ்சம் இறங்கும். இறந்து ஆறு மாதத்துக்குப் பிறகும் அன்றாட வாழ்வே நின்றுபோகும் அளவுக்குத் துக்கம் தீவிரமாக இருந்தால், அதை நீடித்த துக்கக் கோளாறாகச் சர்வதேச நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு ஏற்கிறது. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. ஆகவே வீட்டில் மரணம் நடந்ததா என்பது அந்தப் பக்கத்தின் இரண்டாவது வரி.

வீட்டுக்குப் போனபின் மூச்சும் பயமும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மூச்சு வாங்கினால் பழைய பயம். பயந்தால் மூச்சு இன்னும் வேகம், விரல் மரத்து, நெஞ்சு இறுகி, திரும்பவும் ஆம்புலன்ஸ். இங்கே மருத்துவர்கள் இரண்டு பக்கமும் தப்பு செய்கிறார்கள். ஒன்று, 'எல்லாம் மனசுதான்' என்பது. நுரையீரலில் ரத்தக்கட்டி, சோகை, தைராய்டு, இதயத் துடிப்புக் கோளாறு, எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு முப்பதோ அதற்கு மேலோ கூடிவிடும் போட்ஸ் என்ற கோளாறு, இவை இல்லை என்று பார்க்காமல் பதற்ற நோய் என்று எழுதக் கூடாது. இன்னொன்று, பரிசோதனை சரியாக இருந்தால் 'நன்றாக நடங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள்' என்று அனுப்புவது. உழைத்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஒரேயடியாகச் சாய்ந்துவிடுகிறவருக்கு, அது கோவிட்டுக்குப் பிந்தைய நிலையின் அடையாளமாக இருக்கலாம். அவரை முடுக்கினால் உடம்பும் கெடும், 'என்னால் ஆகவில்லையே' என்று மனமும் உடையும். ஸ்டீராய்டும் தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலையும் அழுகையையும் கொண்டுவரும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவர் நடுங்க மாட்டார்.

ஆக்சிமீட்டர் விஷயம் சின்னதுதான், ஆனால் வீட்டைப் பிடித்து ஆட்டும். விரலில் மாட்டியபடியே தூங்குகிறவர்கள் உண்டு. சும்மா 'பார்க்காதீர்கள்' என்றால் நடக்காது. எந்த எண்ணுக்குக் கீழே, எத்தனை நிமிடம் நின்றால் போன் செய்ய வேண்டும் என்று அவரவருக்கு ஏற்ப மருத்துவர் எழுதித் தர வேண்டும். கையைச் சூடுபடுத்தி, நகப்பூச்சு இல்லாத விரலில், உட்கார்ந்து ஒரு நிமிடம் பொறுத்துத்தான் எண்ணைப் படிக்க வேண்டும். மாட்டியவுடன் வரும் முதல் எண் பொய்யாக இருக்கும். பிறகு நாளுக்கு மூன்று தடவை, நேரம் குறித்து. அடுத்த வாரம் இரண்டு. அதற்கடுத்து மூச்சு சிரமப்பட்டால் மட்டும்.

இப்போது யார், எப்போது கேட்பது. டிஸ்சார்ஜ் ஆன இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் முதல் அழைப்பு. பிறகு மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில். அதிர்ச்சிக் கோளாறு என்று சொல்ல அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நிற்க வேண்டும் என்பதால், முதல் வாரக் கெட்ட கனவுகளுக்கு நோய்ப் பெயர் சூட்ட அவசரம் வேண்டாம். கேட்க வேண்டியவை: மனச்சோர்வுக்குப் பி.எச்.கியூ.-9, பதற்றத்துக்கு ஜி.ஏ.டி.-7, அதிர்ச்சிக்கு ஐ.இ.எஸ்.-6 என்ற கேள்வித்தாள்கள், நினைவாற்றலுக்கு மோகா என்ற சோதனை. மூன்று கேள்வித்தாளும் சேர்ந்து கால் மணி நேரம், மோகாவுக்குத் தனியே பத்து நிமிடம். பி.எச்.கியூ.வில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்பது பொது வழக்கு. ஆனால் தூக்கமின்மை, களைப்பு, பசியின்மை பற்றிய கேள்விகளுக்கு நோயே மதிப்பெண் ஏற்றிவிடும் என்பதால் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்குப் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும் அன்றே, அந்த அழைப்பிலேயே, அடுத்து யாரிடம் இணைப்பது என்று ஏற்பாடு இருக்க வேண்டும். ஏற்பாடு இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்டு, தாளைக் கோப்பில் போட்டுவிடுவது கேட்காததைவிட மோசம்.

நினைவுச் சோதனையைச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. தீவிர சிகிச்சையிலிருந்து மீண்டவர்களைப் பின்தொடர்ந்த 2013 அமெரிக்க ஆய்வில், ஓர் ஆண்டு கழித்தும் மூவரில் ஒருவருக்கு மூளைத் திறன், மிதமான தலைக்காயம் பட்டவர்களின் அளவுக்குக் குறைந்திருந்தது. கணக்கு எழுதத் தடுமாறுகிறவரை 'மனச்சோர்வு' என்று மாத்திரை கொடுத்து அனுப்பினால் அவர் வேலைக்குத் திரும்பித் தோற்றுப்போவார்.

சிகிச்சை பற்றிச் சுருக்கமாக. எல்லாரையும் ஒரே ஒரு தடவை கூட்டி உட்கார வைத்து, நடந்ததைக் கொட்டித் தீர்க்கச் சொல்லும் முறை வேண்டாம். அது அதிர்ச்சிக் கோளாறைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கூட்டவும் செய்யும். தேவைப்படுகிறவருக்கு அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, வழக்கமாக எட்டு முதல் பன்னிரண்டு அமர்வு. மனச்சோர்வுக்கான மாத்திரை தொடங்கினால் அது வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், திடீரென்று நிறுத்தக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். தூக்க மாத்திரையை மாதக்கணக்கில் நீட்டாதீர்கள்.

மீண்டு வந்தவரைத் தொற்றுக்குப் பயந்து மற்றவர்கள் ஒதுக்கிவைப்பதைப் பற்றி இரண்டு வரி. தொற்று இல்லை என்று முத்திரையோடு ஒரு வரி எழுதித் தருவது உங்களுக்குச் சின்ன வேலை, அவருக்கு வாசல் கதவு. ஊழியர் முகமே தெரியாத பிரச்சினைக்கும் வழி இருக்கிறது: எபோலா காலத்தில், 2015ல், லைபீரியாவில் பாதுகாப்பு உடைக்கு மேலே ஊழியரின் சிரித்த முகப் படத்தை ஒட்டிக்கொண்டார்கள். ஓர் ஏ-4 தாள், பசை, பிரிண்டர். அடுத்த தொற்றுக்கான கையிருப்புப் பட்டியலில் முகக்கவசத்துக்குக் கீழே இதையும் எழுதிவையுங்கள்.

ஆக, நாங்கள் கேட்கும் பக்கத்தில் இருக்க வேண்டியவை: டெலிரியம் நாட்களும் மயக்க மருந்தும், நினைவுகள் பற்றிப் பேசியாயிற்றா, பேசியவர் யார், நாட்குறிப்பு எங்கே இருக்கிறது, வீட்டில் மரணம் நடந்ததா, சொல்லியாயிற்றா, ஆக்சிமீட்டர் எல்லை, தொற்று இல்லை என்ற சான்று, நான்கு அழைப்புத் தேதிகள், அழைப்பவரின் பெயர், இரவிலும் எடுக்கும் ஒரு போன் எண், வீட்டில் கவனித்துக்கொள்கிறவர் பெயர். அப்படிக் கவனித்துக்கொள்கிறவருக்கும் அதே முதல் அழைப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள், அவரும் தூங்கியிருக்க மாட்டார்.

இதை வார்டு நர்ஸின் வேலைப் பட்டியலில் சும்மா சேர்த்துவிட்டால் இரண்டாம் வாரமே நின்றுபோகும். ஒருவரின் பொறுப்பு என்று பெயர் போட்டு, அதற்கு நேரம் ஒதுக்கி, அந்த நேரத்தில் வேறு வேலைக்கு இழுக்காமல் இருக்க வேண்டும். பக்கம் நிரம்பாமல் டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்து விழக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை விட உங்களால் முடியும். எங்களால் முடியாது.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய கவனிப்பில் பணியாற்றும் செவிலியர்கள், மருத்துவர்கள், மனநல ஆலோசகர்கள்